ஒரே வீட்டில் இரண்டு திசை

1

பலகைத் தரை போடுகிற ஓடாவிமாரிடம் ஒரு சட்டம் உண்டு. தரைக்கு அடியில் தாங்குமரங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றனவோ, அவற்றுக்குக் குறுக்காகவே மேற்பலகை ஓடவேண்டும். தாங்குமரத்துக்குச் சமாந்தரமாகப் பலகையை ஓடவிட்டால், இரண்டு மரங்களுக்கு இடையே தாங்கலில்லாமல் கிடக்கும் பலகை காலை வைத்ததும் தாழும். சில வருடங்களில் அந்த இடம் பள்ளம் விழும். ஆகவே ஓர் அறையில் தாங்குமரம் வடக்குத் தெற்காகவும் அடுத்த அறையில் கிழக்கு மேற்காகவும் கிடந்தால், பலகை வாசலில் வைத்துத் திசை திரும்பும். வருகிற விருந்தாளிக்கு அது அலங்காரமாகத் தெரியலாம். உண்மையில் அது பாரத்தின் கணக்கு.

அடியில் கொங்கிறீட் இருந்தால் இந்தச் சட்டம் தளர்ந்துவிடும். கொங்கிறீட் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரித் தாங்கும். அங்கே பலகையின் திசையைத் தீர்மானிப்பவை வேறு: யன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமாக விழுகிறது, அறையின் நீளம் எந்தப் பக்கம், வாசலில் நுழைகிறவனின் கண் முதலில் எங்கே போகிறது. அதாவது ஒரே வேலையில் இரண்டு வகையான காரணங்கள் இருக்கின்றன. ஒன்று பாரத்தைச் சார்ந்தது, அதில் சமரசமில்லை. மற்றது பார்வையைச் சார்ந்தது. அதில் ஆளுக்காள் விருப்பம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கரையோரத்தில் பலகைத் தரை பழக்கமான ஒன்றல்ல. மண் மெழுகிய தரையிலிருந்து சீமெந்துத் தரைக்கும், சீமெந்திலிருந்து சிவப்புப் பொலிசுக்கும், அதிலிருந்து டைல்ஸுக்கும் வந்தவர்கள் நாங்கள். முதிரையும் தேக்கும் நிலைக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும் போயின. உப்புக்காற்றும் கறையானும் மாரிமழையும் உள்ள ஊரில் மரத்தை நிலத்தில் விரிப்பதை யாரும் புத்தியான காரியமாக நினைக்கவில்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள்தான் அந்த வேலையைக் கண்டார்கள், படித்தார்கள். நானும் பதினொரு வருடம் டோஹாவில் அதைத்தான் செய்தேன். பிறர் வீடுகளில் முழங்காலில் நின்று செய்த அந்த வேலை ஒரு கேள்வியைத் தந்தது. அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடத்துக்கு இடம் திசை மாறுகிற மனிதன் நேர்மையானவனா?

2

இந்தக் கேள்வியை என்னிடம் வாய்விட்டுக் கேட்டவர் ஒரு பெரியவர். மகளுக்காக அவர் கட்டிய மாடிவீட்டின் மேல்தளத்தில், வெளிநாட்டிலிருந்த மருமகனின் ஆசைக்காகப் பலகை பதிக்க நேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களில் வீடுகள் மேல்நோக்கி வளரத் தொடங்கின. 2004 டிசம்பர் 26இற்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற விதி வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. எனினும் கரையிலிருந்து உள்ளே நகர்ந்த குடும்பங்களுக்கு வளவு கிடைக்கவில்லை. ஒரே வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு வீட்டின் தலையில் இன்னொரு வீடு வந்தது.

அந்த மேல்தளத்தில் மண்டபம், இரண்டு படுக்கையறைகள், தொழுவதற்கென ஒரு சிறிய அறை. மற்ற இடங்களில் எல்லாம் வீட்டின் நீளப்பாட்டுக்குப் பலகை போட்டுவிட்டு, தொழுகை அறையில் மட்டும் பலகையைக் கிப்லாவுக்கு ஏற்பச் சாய்த்துப் போடச் சொன்னாள் மகள். பலகையின் பொருத்துக்கோடே சஃப்புக் கோடாக இருக்கட்டும், முஸல்லாவை ஒவ்வொரு வக்துக்கும் கண்ணால் அளந்து விரிக்க வேண்டாமே என்பது அவளுடைய நியாயம்.

எங்கள் ஊர் வீடுகளில் இந்தச் சங்கடம் பழையது. கல்முனையிலிருந்து கஃபாவின் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 24 பாகை திரும்ப வேண்டும். வீடுகளோ வீதியைப் பார்த்துக் கட்டப்படுகின்றன. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதி கடற்கரையோடு சேர்ந்து ஓடுகிறது. கடற்கரையோ தெற்கே போகப்போகச் சற்றுக் கிழக்காகச் சாய்கிறது. அந்த வீதிக்கு மூலைமட்டம் வைத்துக் கட்டிய வீட்டின் சுவர் மேற்கை நோக்கிப் போகும்போது கொஞ்சம் தெற்காக விலகும். இந்த விலகலையும் அந்த 24 பாகையையும் கூட்டினால், சுவருக்கும் கிப்லாவுக்கும் இடையில் ஏறத்தாழ 30 பாகை வந்துவிடுகிறது. டைல்ஸ் போட்ட வீடுகளில் உம்மாமாரின் முஸல்லா டைல்ஸ் கோட்டை வெட்டிக்கொண்டு கோணலாகக் கிடப்பது இதனால்தான்.

அந்தப் பெரியவர் மாடிக்கு ஏறிவந்து, வாசலில் இரண்டு வகைப் பலகையும் கோணலாகச் சந்திக்கிற இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“என்ன மகன், ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு திசையா?”

“அறை வேற, வேலை வேற, மாமா. அதுதான் திரும்புது.”

“மனிசன் அப்பிடித் திரும்பினா அவனுக்கு நாம என்ன பேர் வைப்பம்?”

வியாபாரத்தில் நாற்பது வருடம் இருந்தவர். கடையில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு, கச்சேரியில் ஒரு பேச்சு என்று திரிந்தவர்களை எல்லாம் கண்டவர். பலகையைப்பற்றி அவர் கேட்கவில்லை என்பது விளங்கியது. நான் சொன்ன பதில் வேலைக்காரனின் பதில். அவர் கேட்டது வேறு கேள்வி. அதற்கு ஒற்றை வசனத்தில் பதிலில்லை.

3

எங்களுக்குப் பழக்கமான ஒழுக்கப் பாடம், மனிதன் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது. எங்கும் ஒரே ஆளாக, எவர் முன்னும் ஒரே முகத்தோடு. இந்தப் பாடத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘ஒன்றாக இருத்தல்’ என்பதை நாங்கள் பெரும்பாலும் ‘ஒரே திசையில் இருத்தல்’ என்று விளங்கிக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?

கிப்லாவையே எடுத்துப் பார்க்கலாம். கல்முனையில் மேற்கிலிருந்து வடக்காக 24 பாகை திரும்பித் தொழுதவன் டோஹாவுக்குப் போகிறான். அங்கே கிப்லா மேற்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 17 பாகை. அவன் உடல் 41 பாகை திரும்பியிருக்கிறது, கிப்லா மாறவில்லை. பின்னர் அவன் லண்டனுக்குப் போனால் தென்கிழக்கைப் பார்த்து நிற்பான். ஊரில் நின்ற அதே திசையை விடமாட்டேன் என்று ஒருவன் பிடிவாதமாக நின்றால், அவனுடைய பிடிவாதமே அவனைக் கிப்லாவிலிருந்து விலக்கிவிடும். மையம் மாறாமல் இருக்கவேண்டுமானால், இடம் மாறும்போது திசை மாறியே ஆகவேண்டும்.

மக்காவிலே இது கண்ணுக்கு நேரே தெரிகிறது. ஹரமில் சஃப்புகள் நேர்கோடுகள் அல்ல, வட்டங்கள். கஃபாவுக்குக் கிழக்கே நிற்பவன் மேற்கைப் பார்க்கிறான், மேற்கே நிற்பவன் கிழக்கைப் பார்க்கிறான். எதிரெதிரே நிற்கும் அந்த இருவரின் தொழுகையிலும் பிழையில்லை. கஃபாவின் உள்ளே தொழக் கிடைத்தவனுக்கோ எந்தச் சுவரும் கிப்லாதான். மையத்தை நெருங்க நெருங்கத் திசைகள் பெருகுகின்றன.

வரலாற்றிலும் திசை மாறியிருக்கிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவுக்கு மாற்றப்பட்டபோது, தொழுகையின் நடுவிலேயே திரும்பியவர்களின் நினைவாக மதீனாவில் ‘இரு கிப்லாப் பள்ளிவாசல்’ இன்றும் நிற்கிறது. முதல் இரண்டு ரக்அத்தைப் பிழையென்று யாரும் சொல்லவில்லை. அல்பகறா அத்தியாயத்தின் 177ஆம் வசனம், முகத்தைக் கிழக்குக்கோ மேற்குக்கோ திருப்புவதில் நன்மை அடங்கிவிடவில்லை என்று சொல்லிவிட்டு, ஈமான், உறவினருக்கும் அநாதைக்கும் வழிப்போக்கனுக்கும் கொடுத்தல், வாக்கை நிறைவேற்றுதல், துன்பத்தில் பொறுமை என்று எண்ணிக்கொண்டு போகிறது. கிப்லா மாற்றத்தைப் பேசிய அதே அத்தியாயத்தில் இதுவும் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

திசை எவ்வளவு நுட்பமாக இருக்கவேண்டும் என்பதிலும் அறிஞர்கள் ஒன்றாக இல்லை. தூரத்தில் இருப்பவருக்குக் கஃபாவின் பக்கமாக நின்றாற் போதும் என்பது ஹனபிகளின் நிலை. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் கஃபாவையே நேராகக் குறிவைக்க வேண்டும் என்ற கருத்து வலுவானது. அங்கும் தூரத்தவருக்கு முயற்சியும் உத்தேசமுமே எதிர்பார்க்கப்படுகின்றன. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பயண ஒழுங்குகளைப் பேசுமிடத்தில் இதை நீளமாக விவாதித்து, பக்கம் போதும் என்ற கருத்தின் பக்கமே சாய்கிறார். ஸ்பெயினில் குர்துபாப் பெரிய பள்ளிவாசல் இன்றைய கணக்கின்படி ஏறக்குறைய 50 பாகை விலகி நிற்கிறது. நூற்றாண்டுகளாக அங்கே தொழுதவர்களின் தொழுகை அந்த விலகலில் வீணாய்ப் போயிற்று என்று சொல்லத் துணிபவர் யார்?

இதனால் திசை முக்கியமில்லை என்றாகாது. வருடத்தில் இரண்டு தரம், மே 28ஐ ஒட்டியும் ஜூலை 16ஐ ஒட்டியும், சூரியன் கஃபாவின் உச்சிக்கு வருகிறது. இலங்கை நேரம் முறையே பிற்பகல் 2.48, 2.57. அந்த நிமிடத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டால் அதன் நிழலுக்கு எதிர்ப்பக்கம் கிப்லா. கொங்கிறீட்டுக்குள் கிடக்கும் கம்பி திசைகாட்டியின் முள்ளை இழுத்துக் குழப்பும். நிழலைக் குழப்ப ஒன்றுமில்லை. மகளின் அறைக்கு இந்த முறையில்தான் நூல் அடித்தோம். தேடுவது கடமை. தேடிக் கண்டதை இடத்துக்கு ஏற்பத் திருப்பி நிற்பதும் அந்தக் கடமையின் பகுதி.

4

இவ்வளவும் சொன்னபிறகு பெரியவரின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. “மையம் மாறவில்லை, இடம்தான் மாறியது” என்று எந்தச் சந்தர்ப்பவாதியும் சொல்லிவிடலாமே. வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் ஒன்றைப் பேசி, கொழும்பில் அதற்கு எதிராகக் கையுயர்த்திவிட்டு வருகிறவரும் அதைத்தான் சொல்கிறார். மனிதர்களிலே மோசமானவன் இரண்டு முகமுடையவன், இவர்களிடம் ஒரு முகத்தோடும் அவர்களிடம் வேறொரு முகத்தோடும் போகிறவன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கிப்லாவின் பாகைக்கணக்குக் காட்டித் தாண்டிவிட முடியாது.

சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1950களில் எழுதிய நூலொன்றில், மனித வாழ்வை மேடையாகவும் மேடைக்குப் பின்னறையாகவும் பிரித்துக் காட்டினார். எல்லாரும் ஆளுக்கேற்ப வேடம் காட்டுகிறோம் என்பது அவர் கண்டது. அந்தக் கண்டுபிடிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தத் திரும்பல் மரியாதை, எந்தத் திரும்பல் வஞ்சகம் என்பதை அது பிரித்துத் தருவதில்லை. பிரிக்காமல் எங்களால் வாழ முடியாது.

கிழக்கிலங்கை முஸ்லிம் ஆணின் வாழ்க்கையைப் பாருங்கள். தாய்வழிக் குடியில் பிறக்கிறான். கலியாணம் முடித்ததும் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். அந்த வீடு அவளுடைய பெற்றோர் அவளுக்குக் கொடுத்தது. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தத் தாய்வழிக் குடிமுறையையும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான கரையோர மரபாக 2008இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். உம்மாவின் வீட்டில் உரத்துச் சிரித்தவன் மாமியின் வீட்டில் குரலைத் தாழ்த்துகிறான். அங்கே சாப்பாட்டில் குறை சொல்லமாட்டான், உம்மாவிடம் சொல்வான். பிறகு கத்தாரில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் வேறொரு ஆளாக, வேறொரு மொழியில் பேசுகிறான். இவனை இரண்டு முகமுடையவன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஊரில் ஓர் ஆண்கூட மிஞ்சமாட்டான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? என் தொழில் தந்த மூன்று அளவுகளை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, பாரம். பலகை எதற்காகத் திரும்புகிறது? அடியிலுள்ள தாங்குமரம் கேட்டதாலா, வாசலில் நிற்பவன் பார்ப்பான் என்பதாலா? மாமியின் முன் குரல் தாழ்வதற்கு அடியில் ஒரு உறவு தாங்கலாக இருக்கிறது. குரல் தாழ்வதால் அந்த உறவு உறுதிப்படுகிறது. அதிகாரியின் முன் தாழ்கிற குரலுக்கு அடியில் அநேகமாக ஒன்றுமில்லை. காலை வைத்தால் தாழும். ஆனாலும் பார்வைக்காகத் திரும்புவது எல்லாம் குற்றமென்று சொல்லமாட்டேன். கொங்கிறீட்டின்மேல் வெளிச்சத்துக்காகப் பலகையைத் திருப்புவதில் பாவமில்லை. உடுப்பு, சாப்பாடு, பேச்சு வழக்கு, விருந்தாளியோடு விருந்தாளியின் மொழியில் பேசுவது, இவையெல்லாம் வெளிச்சத்தின் விடயங்கள். பாரம் தாங்கும் விடயங்களை வெளிச்சத்தின் விடயங்களாக நடத்தும்போதுதான் வஞ்சகம் தொடங்குகிறது. சாட்சி சொல்வது, கொடுத்த வாக்கு, பிறர் பணம், பிறர் மானம் ஆகியவை பாரம் தாங்குபவை. நயவஞ்சகனின் அடையாளங்களாக ஹதீஸில் வருபவையும் பொய், வாக்குமீறல், அமானித மோசடி என்பவைதான். உடுப்பும் பேச்சு வழக்கும் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, கதவு. இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள கதவைத் திறந்துவைத்தால் என்ன நடக்கும்? நல்ல வேலையில் இரண்டு திசையும் ஒரே பார்வையில் தெரியும். தெரிந்தாலும் கண்ணை உறுத்தாது. மாமியின் வீட்டில் குரல் தாழ்த்துகிறவன் உம்மாவின் வீட்டில் உரத்துச் சிரிப்பான் என்பது மாமிக்குத் தெரியும். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். ஊரில் ஒன்றும் கொழும்பில் ஒன்றும் பேசியவருக்கோ கதவு சாத்தியே இருக்கவேண்டும். அவருடைய பிழைப்பு அந்தக் கதவில்தான் இருக்கிறது.

மூன்றாவது அளவு, செலவு. அதைத் தனியே பேசவேண்டும்.

5

பலகையைச் சுவருக்குக் கோணலாகப் போட்டால் ஒவ்வொரு வரிசையின் இரு முனையையும் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டித் தள்ளிய முக்கோணத் துண்டுகள் வேறெங்கும் உதவா. நேராகப் போடுவதைவிட மரமும் கூட, நாளும் கூட. திசை மாறுவது இனாமாக நடப்பதில்லை. அந்தச் செலவை யார் சுமக்கிறார் என்பதே கேள்வி.

கெய்ரோவில் அல்-அக்மர் பள்ளிவாசல் 1125இல், பாத்திமிய ஆட்சியில் கட்டப்பட்டது. அது இருக்கும் வீதி ஒரு திசை, கிப்லா வேறு திசை. முன்னைய கட்டடக் கலைஞர்கள் வீதியைக் கவனிக்காமல் பள்ளியைக் கிப்லாவுக்குத் திருப்பிவிடுவார்கள். அல்-அக்மரைக் கட்டியவர்கள் முகப்பை வீதிக்கு நேராக வைத்தார்கள், உள்ளே தொழுமிடத்தைக் கிப்லாவுக்கு நேராக வைத்தார்கள். இரண்டுக்கும் இடையிலான கோணத்தை முகப்புச் சுவர் வாங்கிக்கொண்டது: ஒரு முனையில் மெல்லியதாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப் போகத் தடித்து, ஆப்பு வடிவில். வீதியில் போகிறவனுக்கும் கோணல் தெரியாது, உள்ளே தொழுகிறவனுக்கும் தெரியாது. வித்தியாசத்தைக் கல்லே சுமக்கிறது.

ஈரானில் இஸ்பஹான் நகரின் பெரிய சதுக்கத்தில் 1611இல் தொடங்கிய ஷாஹ் பள்ளிவாசலில் வேறு வழி கையாளப்பட்டது. வாசல் சதுக்கத்தைப் பார்க்கிறது. உள்ளே நுழைந்ததும் பாதை வளைந்து, முழுப் பள்ளியும் ஏறக்குறைய 45 பாகை திரும்பிவிடுகிறது. அங்கே திரும்பலை மறைக்கவில்லை. அந்த நடைபாதையில் நடந்துதான் சந்தையின் திசையிலிருந்து தொழுகையின் திசைக்கு வரவேண்டும். செலவை நடந்துவருகிறவனின் கால்கள் சுமக்கின்றன, எல்லாருடைய கால்களும் சமமாக.

இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் கட்டடம் கோயிலாகப் பிறந்தது. 1453இற்குப் பிறகு வந்த மிஹ்ராப் அதன் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்கிறது. 2020 ஜூலையில் மீண்டும் தொழுகை தொடங்கியபோது விரித்த பச்சைநீலக் கம்பளத்தின் சஃப்புக் கோடுகள், சுவர்களுக்கு இசையாமல் கோணலாகவே ஓடுகின்றன. அந்தத் தரையைப் பார்ப்பவருக்கு இந்த வீட்டில் முன்பு வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பது தெரியும். கோணலை மறைக்காததில் ஓர் உண்மை இருக்கிறது. வீடு கைமாறியது சரியா என்ற வழக்கைக் கம்பளத்தால் தீர்க்க முடியாது என்பதும் உண்மைதான்.

எங்கள் வீடுகளில் வித்தியாசத்தின் செலவு யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் பெண்ணின் தலையில். ஆண் பள்ளிக்குப் போகிறான். அங்கே நூல் அடித்து, கோடு போட்டு, சஃப்பு நேராக்கித் தரப்படுகிறது. அவள் ஒவ்வொரு வக்துக்கும் டைல்ஸ் கோட்டுக்குக் குறுக்கே பாயைச் சாய்த்துச் சாய்த்து விரிக்கிறாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது, வீட்டின் திசையை வீதி தீர்மானிக்கிறது, தொழுகையின் திசையைக் கிப்லா தீர்மானிக்கிறது. இடையிலுள்ள 30 பாகையை அவளுடைய கைதான் ஒவ்வொரு நாளும் அளக்கிறது. சின்ன விடயந்தான். ஆனால் சமூகம் உடுப்பிலும் படிப்பிலும் வேலையிலும் திசை மாறும்போதெல்லாம் இதே முறையில்தான் செலவு பிரிகிறது. மகள் தன் அறைக்குக் கேட்ட சாய்ந்த பலகையை நான் ஒரு நியாயமான கணக்குத் தீர்ப்பாகவே பார்க்கிறேன். அந்தச் செலவை ஒருமுறை மரம் சுமக்கட்டும் என்றாள் அவள்.

6

திசை மாறுவதைப் பொறுக்காத மனங்களும் உண்டு. எல்லா அறையிலும் ஒரே பக்கமாகப் பலகை ஓடவேண்டும், தாங்குமரம் எப்படிக் கிடந்தாலென்ன என்கிற மனங்கள். அந்த மனம் எங்கே போய் முடியும் என்பதை எங்கள் கரையோரம் கண்ணால் கண்டது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குள் இருந்தவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் வெடிக்கவைத்தார்கள். சிறு குழந்தைகளும் பெண்களுமாக ஒரு டசினுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்கள்தான். அந்த வீட்டின் கதவு சாத்தியிருந்தது என்பதையும், அயலவர் அதைத் தட்டினார்கள் என்பதையும் நான் மறக்க விரும்பவில்லை.

அதன் பிறகு எங்களை நோக்கி வந்த கேள்வியும் வேறொரு ஒற்றைத் திசையைக் கேட்டது. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் உடை அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. ஓகஸ்டில் அவசரகால நிலை நீங்கும்வரை அது இருந்தது. வீடுகளில் அரபு எழுத்துள்ள புத்தகங்களைக்கூட மறைத்துவைத்த நாட்கள் அவை. “வெளியே காட்டுகிறதுதான் உள்ளேயுமா?” என்று பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் சந்தையிலும் கண்களாலேயே கேட்டார்கள். கேட்டவர்களின் பயம் பொய்யில்லை. ஆனால் கேள்வியின் வடிவம் பிழை. உள்ளே ஒரு திசையும் வெளியே ஒரு திசையும் இருக்கும் வீடெல்லாம் குண்டு வைத்த வீடு என்றால், நாட்டில் எந்த வீடு தப்பும்? வீட்டுக்குள் தமிழும் கந்தோரில் சிங்களமும் தொழுகையில் அரபும் பேசுகிற என்னிடம் மூன்று திசை இருக்கிறது. மூன்றும் திறந்த கதவோடு இருக்கின்றன. மாறாமல் இருக்கவேண்டியது நான் சொல்லும் சாட்சியும் கொடுத்த வாக்கும். அதைச் சோதித்துப் பார்க்க எவருக்கும் உரிமையுண்டு.

கல்முனை நகரமே பல அறைகளுள்ள ஒரு வீடு. பிரதான வீதியில் சில கிலோமீற்றர் போனால் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், மறுபடி முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வருகிறது. மருதமுனை கழிந்தால் பாண்டிருப்பு; சாய்ந்தமருது கழிந்தால் காரைதீவு, அதற்கப்பால் நிந்தவூர். பிரதேச செயலகத்தின் எல்லை எங்கே என்பதில் எத்தனையோ வருட வழக்கு. 2019 ஜூனில் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதற்கு எதிராக மறுபக்கம் சத்தியாக்கிரகம். ஒரு பக்கத்தின் பலகை திசையிலேயே முழு வீட்டையும் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒருவரோடொருவர் சம்பந்தமே இல்லாத தனித்தனி வீடு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பேசுகிற மொழி, தாய்வழிக் குடிமுறை, பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் எல்லாம் ஒன்றாயிருக்க அப்படிச் சொல்வதும் எளிதல்ல.

இந்த இடத்தில் ஓடாவியின் கடைசிப் பாடம் ஒன்றைச் சொல்லவேண்டும். மரம் அசைகிறது. நீளப்பாட்டில் அது அநேகமாக அசைவதில்லை. அகலப்பாட்டில் மாரியில் ஊதும், கோடையில் ஒடுங்கும். எங்கள் ஊரில் மார்கழி மழையில் கதவு நிலையோடு இறுகுவதும் ஆடிக் காற்றில் தளர்வதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெவ்வேறு பக்கமாக ஓடும் இரண்டு தரைகள் வெவ்வேறு பக்கமாக ஊதும். அவற்றை வாசலில் நெருக்கி முட்டவைத்தால் முதல் மாரியிலேயே ஒன்றையொன்று தள்ளி, நடுவில் கூடாரம்போல் எழும்பும். அதனால் சந்திக்கும் இடத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, அதன்மேல் ஒரு மரச்சட்டம் போடுகிறோம். அந்தச் சட்டத்தை இந்தப் பலகையிலும் ஆணி அடிக்கக்கூடாது, அந்தப் பலகையிலும் அடிக்கக்கூடாது. இரண்டுக்கும் அடியிலுள்ள தரையில் மட்டுமே அதைப் பிடிப்பிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் தன் தன் பாட்டுக்கு ஊதி ஒடுங்கும். மேலே நடப்பவன் கால் இடறாது.

எங்கள் ஊர்களுக்கு நடுவிலும் இப்படிப் பல சட்டங்கள் இருந்தன, இப்போதும் மிச்சமிருக்கின்றன: ஒருவர் மற்றவரின் பள்ளிக்கூடத்தில் போய்ப் படிப்பித்த ஆசிரியர்கள், வேலியைத் தாண்டி நெல்லுக்கு மீன் மாற்றிய பெண்கள், மருதமுனை நெசவுச் சாறனைத் தலையில் சுமந்து தமிழ் ஊர்களில் விற்றவர்கள், இந்தச் சஞ்சிகை போன்றவற்றை இரண்டு பக்கமும் இருந்து வாசித்தவர்கள். அவர்கள் ஒரு பக்கத்துக்கும் ஆணி அடிக்கப்படாதவர்கள். யுத்தத்தில் முதலில் உடைந்தவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் இரண்டு பக்கமும் அவர்கள்மீதே கால்வைத்து நடந்தன.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு நான் இன்று சொல்லும் பதில் இது. மனிதன் இடத்துக்கு இடம் திரும்பலாம். சில வேளை திரும்பத்தான் வேண்டும். திரும்பும்போது அவன் மூன்றைக் காட்டக் கடமைப்பட்டவன்: எந்தப் பாரத்துக்காகத் திரும்பினான், கதவைத் திறந்துவைப்பானா, திரும்பிய செலவை யார் கட்டினார்கள். இந்த மூன்றில் முதலிரண்டையும் எங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் கடைகளிலும் திண்ணைகளிலும் அடிக்கடி கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர் குறைவு. அது கேட்கப்படும் நாளில், பதில் சொல்ல வேண்டியவர்களாக வீட்டுக்குள் பெரும்பாலும் ஆண்களும், நாட்டுக்குள் பெரும்பாலும் எண்ணிக்கையில் கூடியவர்களும் இருப்பார்கள்.